இல்லை என்று சொல்லப்பட்ட பதிவேடு

என் கணவர் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பின அமெரிக்கர். எங்கள் மகளுக்கு அவர் வழி முன்னோர் யார் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். 1950 முதல் 1900 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இணையத்திலேயே கிடைத்தன. முதல் உலகப் போர்க்கால ராணுவப் பதிவு அட்டை, அவருடைய கொள்ளுத்தாத்தா மிசிசிப்பியில் பிறந்தவர் என்று காட்டியது.

அதற்கு முன்னால் போக வழியில்லை. 1890 கணக்கெடுப்பு 1921 தீ விபத்தில் சிதைந்து, மிச்சமும் பின்னர் அழிக்கப்பட்டது. மிசிசிப்பி மாநிலம் பிறப்பு, இறப்புகளைப் பதிவுசெய்யத் தொடங்கியதே 1912இல்தான். திருமணப் பதிவேடு ஒன்றுதான் நம்பிக்கை.

"எல்லாம் இருக்கிறது, வாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னார் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்ற எழுத்தர். விடுப்பு எடுத்துக்கொண்டு சிகாகோவிலிருந்து போனோம். ஒரு பதிவேட்டை மேலோட்டமாகப் புரட்டினார். அப்படி ஒரு பெயரே இல்லை என்று மூடிவைத்தார். வேறு பதிவேடு உண்டா என்று கேட்டேன். "இல்லை." எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உள்ளூர் நூலகத்தில் சந்தித்த ஒரு மூதாட்டிதான் வழிகாட்டினார். அக்காலத்தில் வெள்ளையர் திருமணங்களும் கறுப்பர் திருமணங்களும் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதப்பட்டன; கறுப்பர் பதிவேடு என்று பெயர் சொல்லியே கேளுங்கள் என்றார். மறுநாள் அப்படியே கேட்டோம். உள்ளறையிலிருந்து வந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் அதில் இருந்தார்கள், குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறி. என் கணவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மிசிசிப்பியில் கவுண்டி நீதிமன்ற எழுத்தர்கள் இரு வகை: திருமணப் பதிவுகள் சர்க்யூட் கிளார்க்கிடமும், நிலப் பத்திரங்களும் உயில்களும் சான்சரி கிளார்க்கிடமும் இருக்கும். கவுண்டி எப்போது உருவானது என்றும் பாருங்கள். லஃப்ளோர் 1871இலும் ஷார்கி 1876இலும் பிரிக்கப்பட்டவை. அதற்கு முந்தைய ஆவணங்களைத் தாய்க் கவுண்டிகளில்தான் தேட வேண்டும். குடும்பப் பெயரை மட்டும் நம்பாமல், வயதையும் அண்டை வீட்டாரையும் ஒப்பிடுங்கள்.

1860ஆம் ஆண்டின் அடிமைகள் பட்டியலில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். பெரும்பாலானோருக்குப் பெயர் கிடையாது. அதைப் படிக்கும்போது நெஞ்சு எரிகிறது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் வங்கியின் பதிவுகளை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1874இல் வங்கி மூழ்கியது. ஏழைகளின் சேமிப்பும் அதோடு போயிற்று. தாள்கள் மட்டும் பிழைத்தன. மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் கிளைப் பதிவில், திருமணப் பதிவேட்டில் கண்ட அதே மணமகன், கொள்ளுத்தாத்தாவின் தந்தை: பிறந்த இடம் வர்ஜீனியா, கூடவே தாய், தந்தை, உடன்பிறந்தோர் பெயர்கள்.

அடுத்து வர்ஜீனியா போகிறோம். எந்தெந்தப் பதிவேடுகள் இருக்கின்றன என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் இம்முறை டிக்கெட் எடுப்போம்.