தொப்பியும் சிக்கரியும்: நியூ ஆர்லியன்ஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 25, 2024, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஹூஸ்டனில் வண்டியை எடுத்தோம். நானும் எங்கள் போஸ்ட்டின் பெரியவரும். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தில் கிளையைப் போஸ்ட் என்றுதான் சொல்வார்கள். சங்கத்தின் 105-ஆவது தேசிய மாநாடு நியூ ஆர்லியன்ஸில். எனக்கு இது முதல் மாநாடு. வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது, லீவு கிடைக்காததால் முதல் இரண்டு நாள் போச்சு.

பெரியவர் 1977 முதல் 1981 வரை ஜெர்மனியில் ராணுவ டிரக் ஓட்டியவர். ஆனால் லீஜன் அவரை 2019 வரை உறுப்பினராக ஏற்கவில்லை. போர்க்காலம் என்று அரசு வரையறுத்த ஆண்டுகளில் பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. வியட்நாம் கணக்கு 1975 மே மாதத்தோடு முடிகிறது, அடுத்த கணக்கு 1982 ஆகஸ்டில் தொடங்குகிறது. இவர் நடுவில் விழுந்துவிட்டார். 2019 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி, 1941 டிசம்பர் 7-க்குப் பிறகு பணியாற்றிய எல்லோரும் சேரலாம் என்றார்கள். “முப்பத்தெட்டு வருஷம் வாசலிலேயே நின்றேன்” என்று லூசியானா எல்லை வரை சொல்லிக்கொண்டே வந்தார். நியாயம்தான்.

லாஃபயெட் தாண்டியதும் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் பதினெட்டு மைல் பாலம். பெரியவர் தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வெளியே மே மாதச் சென்னை. உள்ளே ஏசியில் விரல் விறைக்கிறது. அனுபவசாலிகள் எல்லோரும் ஜாக்கெட்டோடு வந்திருக்கிறார்கள், என்னிடம் அரைக்கைச் சட்டை மட்டும்.

காலை முழுக்க ஒரு தீர்மானக் குழுவில் உட்கார்ந்தேன். “இதனால், இதனால், இதனால்… எனவே தீர்மானிக்கப்படுகிறது” என்ற நடையில் பக்கம் பக்கமாகத் தாள்கள். ஓர் இடத்தில் ‘ஆதரிக்கிறது’ என்று போடுவதா, ‘வலியுறுத்துகிறது’ என்று போடுவதா என்று இருபது நிமிடம். எனக்குக் கொட்டாவி அடக்க முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கொட்டாவியிலிருந்துதான் 1944-இன் ஜி.ஐ. பில் வந்தது. போரிலிருந்து திரும்புகிறவர்களுக்குப் படிப்பு, வீட்டுக்கடன், வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகை எல்லாம் தந்த சட்டம். லீஜனின் முன்னாள் தேசியத் தலைவர் ஹாரி கோல்மரி வாஷிங்டனில் மேஃபிளவர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கையால் எழுதிய வரைவு அது. ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். நான் எம்.எஸ். படித்தது அதன் பேரப்பிள்ளையான 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காசில். ஆகவே மதியமும் போய் உட்கார்ந்தேன். ஜாக்கெட் வாங்கிக்கொண்டு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பொது அமர்வு. மாநிலவாரியாக இருக்கைகள், ஒவ்வொரு வரிசைக்கும் மாநிலப் பெயர்ப் பலகை. பிரான்ஸ், மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் என்றும் தனி வரிசைகள் உண்டு. அங்கே குடியிருக்கும் அமெரிக்க வீரர்களுக்கு. எங்கும் கருநீலத் தொப்பி, அதில் போஸ்ட் எண், தொப்பி தெரியாத அளவுக்குக் குத்திய பேட்ஜ் பின்கள்.

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போரில் சிறைபட்டுத் திரும்பாதவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் உரிய இருக்கை. 1985-இல் தீர்மானம் போட்டார்கள், அதிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் வைக்கிறார்கள். எங்கள் போஸ்ட்டில் பன்னிரண்டு பேர் கூடும் மாதக் கூட்டத்திலும் அது இருக்கும். அங்கே அதைப் பார்த்துப் பழகிவிட்டேன். இங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியபோது பழகவில்லை என்று தெரிந்தது.

மதியம் நடைபாதையில் பின் பரிமாற்றம். மாநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகவே வருகிறார்கள் என்று தோன்றுகிறது. என் டெக்சாஸ் பின்னைக் கொடுத்து அலாஸ்கா பின் வாங்கினேன். கொடுத்தவர் அன்பாகக் கைகுலுக்கி, “எந்த நாட்டிலிருந்து விருந்தினராக வந்திருக்கிறீர்கள்?” என்றார். என் தலையில் தொப்பி இருந்தது. அதில் டெக்சாஸ் என்று தங்க நூலில் எழுதியும் இருந்தது. “ஹூஸ்டன்” என்றேன். காது வரை சிவந்துபோனார் பாவம். கெட்ட மனுஷன் இல்லை.

இரவு அம்மா மதுரையிலிருந்து அழைத்தார். “மிலிட்டரிக்காரங்க மாநாடுன்னா சாப்பாடு போடுவாங்கல்ல? அசைவம்தானா எல்லாம்?” கூப்பன் உண்டு என்றேன். “சட்டை தேய்ச்சுப் போட்டியா?” தேய்த்தேன் அம்மா.

ஆகஸ்ட் 28, புதன்

காலை அமர்வுக்கு மட்டம் போட்டுவிட்டு கஃபே டு மோண்டில் போய் உட்கார்ந்தேன். 1862-இலிருந்து நடக்கும் கடை. சிக்கரி கலந்த காபி. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் வீட்டு அலமாரியில் இந்தக் கடையின் மஞ்சள் டப்பாதான் ஃபில்டர் காபிக்கு. ஊற்றுக்கே வந்துவிட்டேன், ஆனால் இங்கே அதை நம் டிகிரி காபி கெட்டியில் தருவதில்லை. கூடவே தரும் பென்யே, சதுரமாகப் பொரித்த அப்பம் மாதிரி, மேலே மலையாக மாவுச் சர்க்கரை. தும்மினால் கதை முடிந்தது.

நேற்றைய கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கோபம் இல்லை. நான் ராணுவத்தில் சேர்ந்ததே தமிழால்தான் என்பதை அவரிடம் சொல்லியிருக்கலாம். 2009-இல் ராணுவம் மாவ்னி என்றொரு திட்டம் தொடங்கியது. கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், அவர்கள் பட்டியலில் உள்ள மொழி தெரிந்தால் சேரலாம், சீக்கிரமே குடியுரிமையும் தருவோம் என்று. பட்டியலில் தமிழ் இருந்தது, மலையாளம் இருந்தது, சிங்களமும் இருந்தது. மாணவர் விசாவில் இருந்த நான் 2010-இல் சேர்ந்தேன். தொலைபேசியில் தமிழில் பேசவிட்டுச் சோதித்தார்கள். தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சனில் பத்து வாரப் பயிற்சி முடிந்த கையோடு குடிமகன். 2016-இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

காபியை வைத்துக்கொண்டு பகத் சிங் திந்தை நினைத்தேன். பஞ்சாபி. 1918-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து தலைப்பாகையோடு பணிசெய்தவர். சீருடையிலேயே அந்த டிசம்பரில் குடியுரிமை பெற்றார், நான்கே நாளில் ரத்து செய்தார்கள். மறுபடி 1920-இல் பெற்றார். 1923-இல் உச்ச நீதிமன்றம், நீ ‘வெள்ளையர்’ அல்ல, தகுதியில்லை என்றது. அதே 1920-களில் ஆசியர்கள் குடியேறக் கூடாது என்று உரத்துப் பேசிய சங்கங்களில் லீஜனும் ஒன்று. 1922 மாநாடு இதே நியூ ஆர்லியன்ஸில்தான் நடந்தது. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின வீரர்களையே சேர்க்காமல் வைத்திருந்த காலம். அன்று நான் வந்திருந்தால் விருந்தினரா என்றுகூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஜப்பானில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டையிட்ட டோக்குடாரோ ஸ்லோகம் என்பவர் குடியுரிமை கேட்டு வாஷிங்டனில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். அவருக்கு ஆதரவு தந்த சங்கங்களில் அதே லீஜனும் இருந்தது. 1935-இல் சட்டம் வந்தது: அந்தப் போரில் பணிசெய்த ஆசியர்களும் குடிமக்கள் ஆகலாம். அதை வைத்து 1936-இல் திந்த் மூன்றாம் முறையாக, இம்முறை நிரந்தரமாக, குடிமகன் ஆனார். சேர்ந்து சண்டை போட்டவன் என்றதும் மனசு மாறியிருக்கிறது. வெளியே நின்ற மற்ற ஆசியர்களுக்கு மாறவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்தத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை பட்டுவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு மதிய அமர்வுக்குப் போனேன்.

மாலையில் இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம். நார்மண்டிக் கரையில் வீரர்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் இந்த ஊரில் கட்டியவை. பெரியவர் படகைவிட டிரக்குகளின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

தேர்தல். முன்பே எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். விஸ்கான்சின் பாதிரியார் டேனியல் ஸீஹேஃபர் இறங்கி, கனெக்டிகட்டின் ஜேம்ஸ் லாகோர்சியர் தேசியத் தலைவர் ஆனார், ஓராண்டுக்கு. கனெக்டிகட் வரிசையில் ஒரே ஆரவாரம்.

சுற்றிப் பார்த்தால் நரைத்த தலைகள். நாற்பதுக்குக் கீழே என்னோடு சேர்த்து எங்கள் வரிசையில் மூன்று பேர். உறுப்பினர் சுமார் 16 லட்சம் என்கிறார்கள், ஆனால் வியட்நாம் தலைமுறை போனபின் இந்த நாற்காலிகளில் யார்? என் யூனிட் நண்பர்களைக் கூப்பிட்டால் “வாட்ஸாப் குரூப் இருக்கே” என்கிறார்கள். போன வருடம் அந்தக் குரூப்பில் ஒருவன் திடீரென்று பேசாமல் போனான். இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளை, உயிரோடு இருக்கிறான். போஸ்ட்டில் என்றால் இரண்டாம் நாளே பெரியவர் டிரக்கோடு வாசலில் நின்றிருப்பார்.

மதியம் கிளம்பினோம். பெரியவருக்கு மஞ்சள் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதே நீளப் பாலத்தில் இந்த முறை தூங்கவில்லை. “ராணுவம் உன்னை உன் மொழிக்காகத்தானே எடுத்தது? ஏதாவது கேட்டார்களா?” என்றார். ஆறு வருடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆப்கானிஸ்தானில் பக்ராம் தளத்தில் உதிரிபாகக் கணக்குதான் எழுதினேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“சரி, நான் கேட்கிறேன். இதற்கு உன் மொழியில் என்ன?” டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

“காபி.”

“இதற்காகவா உனக்குக் குடியுரிமை கொடுத்தார்கள்!” பாலம் முடியும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.