குழாயில் படிந்த வெள்ளை

டிசம்பர் மாத இரவு ஷிப்டுகள்தான் இன்னும் ஞாபகத்தில் நிற்கின்றன. சத்தீஸ்கர் பக்கம் ஒரு எஃகு ஆலையில், நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற கெட்டியான கரியாக்கும் அடுப்புப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அடுப்புகளில் அல்ல. அவற்றிலிருந்து வரும் வாயுவைக் கழுவி தார், அம்மோனியா, பென்சால் என்ற லேசான எண்ணெய் என்று பிரித்தெடுக்கும் பகுதியில். ஆலையில் அதற்குப் பெயர் பை-புராடக்ட். உபபொருள் என்ற அந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

குளிர் இறங்கிவிட்டால் கேஸ் கூலரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் மெதுவாக ஏறும். உள்ளே நாப்தலீன் அடைக்கிறது என்று அர்த்தம். நீராவி விட்டு இளக்குவோம். ஒருமுறை அது போதவில்லை. லைனைத் தனிமைப்படுத்தி, நீராவியால் வாயுவை விரட்டி, சோதித்துப் பார்த்த பிறகு விடியற்காலையில் மேன்ஹோலைத் திறந்தோம். டார்ச் அடித்ததும் குழாயின் உட்சுவர் முழுக்க மின்னியது. மீன் செதில் போல மெல்லிய வெள்ளைத் தகடுகள், விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தன. வாசனை வந்ததும் அம்மாவின் டிரங்குப் பெட்டிதான் கண் முன்னால் வந்தது. பட்டுப்புடவைக்கு நடுவே அம்மா போட்டு வைக்கும் பாச்சை உருண்டை இதேதான்.

நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் 16, 18 மணி நேரம் வேக வைத்தால் எரியாது, சிதையும். ஒரு டன் கரி போட்டால் முக்கால் டன் அளவுக்குக் கோக் கிடைக்கும். அது இரும்பு உருக்கும் ஊதுலைக்குப் போய்விடும். மீதியெல்லாம் பழுப்பு நிறப் புகையாக மேலே கிளம்பி எங்களிடம் வரும். அதில் 30, 40 கிலோ தார், சுமார் 300 கன மீட்டர் வாயு, கொஞ்சம் பென்சால், கொஞ்சம் அம்மோனியா. கரியின் பெரிய மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் உடைந்து, உடைந்த துண்டுகள் வளையங்களாகச் சேர்ந்துகொள்கின்றன. ஆறு கார்பன் கொண்ட ஒற்றை வளையம் பென்சீன். இரண்டு ஒட்டினால் நாப்தலீன், மூன்று ஒட்டினால் ஆந்த்ரசீன். அறுகோணக் கோலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக்கொண்டே போவது மாதிரிதான். தாரில் வேறெந்தப் பொருளையும்விட நாப்தலீன்தான் அதிகம், பத்தில் ஒரு பங்கு வரும். கற்பூரத்தைப் போல இதுவும் உருகாமலே ஆவியாகும், ஆவியிலிருந்து நேராகத் திடமாகவும் படியும். அதனால்தான் குளிர்ந்த குழாய்ச் சுவரில் அப்படிப் பூக்கிறது.

அடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரி என்று சொல்லும் அந்த அடுப்பு வரிசை சிலிக்காச் செங்கல்லால் கட்டியது. குளிர்ந்தால் கல் விரிசல் விட்டுவிடும். அதனால் ஒருமுறை மூட்டினால் இருபத்தைந்து, முப்பது வருஷம் அணைக்கவே மாட்டார்கள். தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த அடுப்புக்குக் கிடையாது. எங்களுக்கும் பல வருஷம் கிடைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையில் ஒட்டிய தாரை எல்லோரும் பென்சாலில்தான் கழுவுவார்கள். பம்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய டப்பா எப்போதும் நிறைந்திருக்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபிட்டர் அண்ணன், "மண்ணெண்ணெய் மாதிரிதான் தம்பி, இன்னும் நல்லாப் போகும்" என்றார். தார் நிஜமாகவே சுத்தமாகப் போனது. தோல் வெளுத்துச் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஆகும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். பென்சாலில் பெரும்பகுதி பென்சீன்தான், அது எலும்பு மஜ்ஜையைத் தாக்கும், ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒரு மருத்துவப் பரிசோதனையில் அண்ணனுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பது தெரிந்து, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். காரணம் இன்னது என்று யாரும் எழுதித் தரவில்லை. நான் ஷிப்ட் பொறுப்புக்கு வந்த முதல் வாரம் அந்த டப்பாவை எடுத்து வீசினேன். கையுறை கேட்டு எழுதிய கடிதங்கள் எத்தனை என்று கணக்கு இல்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஓய்வு நேரத்தில் தாரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். 1856ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், தாரிலிருந்து வந்த அனிலீனை வைத்துக் கொயினா மருந்து செய்யப் பார்த்திருக்கிறான். கிடைத்தது ஊதாச் சாயம். செயற்கைச் சாயத் தொழில் அங்கே பிறந்தது. 1868ல் ஜெர்மனியில் ஆந்த்ரசீனிலிருந்து அலிசரின் என்ற சிவப்பைச் செய்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு கொடுத்த சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். இதைப் படித்தபோதே மனசு கொஞ்சம் கனத்தது.

ஆனால் என்னை நிறுத்தியது நாப்தலீன். அவுரி நீலத்தைச் செயற்கையாகத் தயாரிக்க ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் பல வருஷம் போராடியது. நாப்தலீனைக் கந்தக அமிலத்தில் காய்ச்சித் தாலிக் அன்ஹைட்ரைடு என்ற இடைப்பொருளாக மாற்றும் படி மட்டும் சரியாக நடக்கவில்லை. ஒருநாள் சோதனைக் கலத்தில் வெப்பமானி உடைந்து பாதரசம் உள்ளே கொட்ட, வினை விறுவிறுவென்று ஓடியது. பாதரசம் வினையூக்கியாக வேலை செய்திருக்கிறது. 1897ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அடுத்த சில வருஷங்களில் இந்திய அவுரி நொடித்துப்போனது. பீகாரின் சம்பாரணில் அவுரித் தோட்ட முதலாளிகள் அந்த நஷ்டத்தைக் குடியானவர்கள் தலையில் கட்டினார்கள். 1917ல் காந்தி அங்கே போக நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே. ஊர்க்கோடியில் இரண்டு அவுரித் தொட்டிகள் இடிந்து கிடக்கும், மேல்தொட்டி ஒன்று, கீழ்தொட்டி ஒன்று. சின்ன வயதில் நாங்கள் ஒளிந்து விளையாடிய இடம். விடுமுறையில் போனபோது பெரிய அத்தையை அங்கே அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மேல்தொட்டியில் இலையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் சாற்றைக் கீழே இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று காலாலும் மட்டையாலும் அடிப்பார்களாம். பச்சையாக இறங்கிய தண்ணீர் காற்றுப் படப்பட நீலமாகத் திரும்புமாம். அத்தை தன் அப்பா சொல்லிக் கேட்டது.

நான் குழாயில் பார்த்த வெள்ளையைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்துதான் ஜெர்மனிக்காரன் நீலம் எடுத்தான் என்றேன்.

"கரியிலேர்ந்தா? அது வேற நீலமா இருக்கும்டா."

"இல்ல அத்தை. ரெண்டும் ஒரே பொருள்தான். மூலக்கூறு வரைக்கும் ஒண்ணு."

அத்தை கீழ்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு வேப்பங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுன்னா, அப்புறம் ஏன்டா இத விட்டுட்டு அத வாங்கினாங்க?"

"அது விலை கம்மி, அத்தை."