கொடைக்கானல் சூரிய ஆய்வகம்: இ-பாஸில் போன ஒரு நாள்

மட்டக்களப்பிலிருந்து கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் இ-பாஸைக் கவனியுங்கள், அதாவது ஊருக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதியை. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு முழு நாள் அதில்தான் போனது.

வீசாவில் பெரிய கரைச்சல் இல்லை. போட்டோதான் இரண்டு தடவை ஏறவில்லை. இந்திய இ-வீசாவுக்கு வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம் வேண்டும். ஸ்டூடியோவில் வழமையான கடவுச்சீட்டு அளவில் வெட்டித் தந்துவிட்டார்கள். அப்புறம் இரவு ரயிலில் கொழும்பு, கட்டுநாயக்கவிலிருந்து மதுரை.

மதுரையில் கார் பிடித்தோம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குள் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். "நான் பாத்துக்கிறேன்மா" என்ற சாரதி அதை எடுக்கவேயில்லை. மலையேறிய பிறகு சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். என் போனில் பதிந்தால் இலங்கை நம்பருக்கு ஓடிபி வரவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பக்கத்து வண்டியில் இருந்த ஒரு அக்கா சொல்லித்தான் விளங்கியது: வெளிநாட்டவர்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிய வேண்டும். அதன் பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊரிலேயே இதைச் செய்துவிட்டுப் போங்கள். அரச பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸே தேவையில்லை.

ஆனால் சாவடியில் நின்ற அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மேகம் இறங்கிவிட்டது. ஆய்வக வாசலில் நின்றால் முன்னால் உள்ள மரமே தெரியவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர், 2,300 மீற்றருக்கு மேலே குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறையைத் திரும்பவும் எடுத்து ஒரு நாள் தங்கினோம். அந்தச் செலவுக்கும் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையிலேயே போனோம். காலை நேரம்தான் சரி. வெயில் ஏறி நிலம் சூடானால் காற்றுக் கலங்கும், சூரியனின் பிம்பமும் ஆடும். பார்வையாளர் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். அங்கே அருங்காட்சியகத்தில் சூரியனின் நேரடிப் பிம்பத்தையும், அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து தெரியும் நிறமாலையையும் பார்க்கலாம். நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள். சூரியனின் வெளிப்படலத்தில் உள்ள தனிமங்கள் ஒளியில் தங்களுக்குரிய பங்கை விழுங்கிவிட்ட இடங்கள் அவை. அந்தக் கோடுகள் கொஞ்சம் நகர்ந்திருப்பதை வைத்துத்தான், சூரியனில் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909 இல் வானியலாளர் ஜோன் எவர்ஷெட் இதே மலையில் கண்டுபிடித்தார்.

அப்பா விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். வெகுநேரம் அசையாமல் பார்த்தார்.

"புள்ள, இதைத்தான் நான் 30 வருசமா கரும்பலகையில வெண்கட்டியால கீறினனான். கண்ணால இண்டைக்குத்தான் காணுறன்."

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். அப்பா விலகி வழிவிட்டார், பிறகு வரிசையின் கடைசியில் போய்த் திரும்பவும் நின்றார்.