'தி' தின்ற மார்க்

எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சி.பி.ஓ. எஸ்.ஐ. தேர்வுக்கு, அதாவது மத்தியக் காவல் படைகளில் சப்-இன்ஸ்பெக்டர் ஆவதற்கான தேர்வுக்குப் படித்தபோது ஒரு மாதிரித் தேர்வில் வந்த வாக்கியம்: 'தி டிபெட்டன் இஸ் ரிட்டன் ஃப்ரம் லெஃப்ட் டு ரைட்.' திபெத்திய மொழி இடமிருந்து வலமாக எழுதப்படுகிறது என்று சொல்ல வந்த வாக்கியம். பிழை எங்கே என்று கேள்வி. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எதுவும் தட்டுப்படவில்லை. 'நோ எரர்' என்று அழுத்தினேன். ஒரு மார்க் போச்சு, நெகட்டிவில் கால் மார்க்கும் சேர்ந்து போச்சு.

பிழை முதல் சொல்லிலேயே இருந்தது. டிபெட்டன் தனியாக நின்று மொழியைக் குறித்தால் முன்னால் 'தி' வராது. பின்னால் 'லாங்குவேஜ்' வந்தால்தான் 'தி டிபெட்டன் லாங்குவேஜ்'. 'தி டிபெட்டன்ஸ்' என்றால் மக்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் சேர ஆசைப்பட்ட படையின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது: இந்தோ-டிபெட்டன் பார்டர் போலீஸ், 1962-ல் தொடங்கியது. அதையும் 'இந்தோ-டிபெட்' என்றுதான் ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கைகொடுத்தது தமிழ்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. தமிழில் திபெத்திய, திபெத்தியர், திபெத்திய மொழி என்று பிரிந்துவிடுகிறது. வாக்கியத்தை மனசுக்குள் தமிழாக்கிப் பாருங்கள், எந்த வேலை என்று உடனே தெரிந்துவிடும். 'டிபெட்டன் பிளாட்டோ' திபெத்திய பீடபூமி, பெயரடை. 'ஷி ஸ்பீக்ஸ் டிபெட்டன்' மொழி. 'எ டிபெட்டன்' ஒரு ஆள்.

பன்மை சுலபம். இண்டியன், டிபெட்டன் போன்றவை 'எஸ்' வாங்கும். சைனீஸ், ஜாப்பனீஸ், பூட்டானீஸ் வாங்காது. எழுதும் தேர்வு என்றால் முதலெழுத்து எப்போதும் கேப்பிட்டல், பெயரடையாக வந்தாலும்.

காம்ப்ரிஹென்ஷனில், அதாவது பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதியில், இன்னொரு கண்ணி இருக்கிறது. மங்கோலியாவில் பலர் பின்பற்றுவது டிபெட்டன் புத்திஸம் என்று பத்தி சொல்லும். உடனே 'மங்கோலியர்கள் டிபெட்டன்ஸ்' என்ற விடையைத் தொட்டுவிடாதீர்கள். அங்கே அந்தச் சொல் ஒரு மதமரபைச் சொல்கிறது, இனத்தை அல்ல. திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான்: திபெத்தியர் எல்லாரும் பௌத்தர் இல்லை, முஸ்லிம்களும், 'பொன்' (Bon) என்ற திபெத்திய மதத்தைப் பின்பற்றுபவர்களும் உண்டு.

தேர்வு முடிந்து ஊட்டி போனபோது 'டிபெட்டன் மார்க்கெட்' பலகையைப் பார்த்ததும் 'பெயரடை' என்று வாய் முணுமுணுத்தது, அவ்வளவு முற்றிப்போயிருந்தது. ஸ்வெட்டர் விற்ற அக்காவிடம், உங்க மொழியில் உங்க நாட்டுக்கு என்ன பேருக்கா என்று கேட்டேன்.

"பொ" என்றார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டினார். கடைசியில் 'த' மாதிரி ஒரு எழுத்து இருக்கிறதே என்றேன்.

"அது எழுத மட்டும்தான், சொல்ல மாட்டோம்" என்று சிரித்துவிட்டு, ஸ்வெட்டரில் ஐம்பது ரூபாய் குறைக்க மட்டும் மறுத்துவிட்டார்.