தப்பு கேஸில் இல்லை

டிசம்பர் மாதக் குன்னூரில், காலை ஆறரை மணிக்கு, தலையில் ஷாம்பூ போட்ட பிறகு வெந்நீர் நின்றுபோனால் வாயில் என்ன வார்த்தை வரும் என்று எனக்கு இப்போது தெரியும்.

"சிலிண்டர் தீர்ந்திருக்கும்" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் அவர். கீசருக்கென்று தனி சிலிண்டர். மாற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "விறகு பாய்லரை எடைக்குப் போட்டீங்களே" என்றார் மாமியார். அந்தப் பாய்லரை அவர் இன்னும் மறக்கவில்லை.

எங்களுடையது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் கேஸ் கீசர். கரண்ட் வேண்டாம், அடியில் இரண்டு பெரிய பேட்டரி போதும். குழாயைத் திறந்ததும் டிக் டிக் என்று பொறி தட்டும், குப்பென்று பற்றும். அன்று அந்த டிக் சத்தமே இல்லை. புது பேட்டரி போட்டேன். ஊஹூம்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஷவரைத் திறந்தால் பேச்சு மூச்சில்லை. கீழே பக்கெட் குழாயை முழுக்கத் திறந்தால் நாலைந்து டிக் கேட்டு, ஒரு நொடி எரிந்து அணைந்தது. அட, குறை தண்ணீரில்!

உள்ளே ஓடும் தண்ணீர் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ள வேண்டும். சவ்வு ஒரு சின்னக் கம்பியை நகர்த்தும், கம்பி சுவிட்சைத் தட்டும். அதற்குப் பிறகுதான் பொறி, கேஸ் எல்லாம். தண்ணீர் ஓடாமல் எரிந்தால் செம்புக் குழாய் வீணாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. எங்கள் மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு மேலே இரண்டு மீட்டர்கூட இருக்காது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று கணக்குப் போட்டால் தண்ணீரின் அழுத்தம் 0.2 பாரைத் தொடாது. நல்ல நாளிலேயே தட்டுத் தடுமாறித்தான் எரியும்.

சிலிண்டரையும் தண்ணீர் வால்வையும் மூடி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் உள்ளே போகும் பக்கத்து நெளிகுழாயை ஸ்பேனரால் திருகினேன். நட்டுக்குள் விரல்நுனி அளவில் ஒரு வலை. அதில் செம்மண் சேறு, பாசி, போதாததற்கு பிளம்பர் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்குகள். மழை விட்டதும் தொட்டி கழுவினோமே, அந்தக் கசடு மொத்தமும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டினேன். ஷவரிலேயே பற்றிக்கொண்டது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மறுபடியும் மௌனம். இந்த முறை வலை சுத்தமாக இருந்தது. மெக்கானிக் தம்பி வந்து வால்வைப் பிரித்து, ரப்பர் சவ்வை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் மயிரிழைக் கிழிசல். "ரப்பர் விறைச்சுப் போச்சுக்கா, வேற ஒண்ணுமில்ல." பத்து நிமிட வேலை.

கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்தார். எங்கள் கீசர் பின்கட்டில், வெளிச்சுவரில் இருக்கிறது. "பாத்ரூமுக்குள்ள மாட்டாம விட்டீங்களே, நல்லது" என்றார். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறாராம். கேஸ் கசிந்தால் அதில் கலந்திருக்கும் வாடை காட்டிக்கொடுக்கும். காற்றுப் போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலை சுற்றும்போது கதவைத் திறக்கக் கைகூட எழாது. எங்கள் கீசர் வெளியே இருப்பதற்குக் காரணம் முன்யோசனை அல்ல, உள்ளே இடமில்லாததுதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நேற்று மறுபடி தொட்டி கழுவ ஆள் வந்தார். அவர் பிரஷை எடுப்பதற்குள் நான் பின்கட்டுக்கு ஓடி கீசர் வால்வை மூடிவிட்டேன்.