நிறுத்தும்போது மட்டும் வந்த பழுது

ஏறாவூரில் ஒரு மர மில். அங்கே பேண்ட் சோ மெஷினை நிறுத்தப் போனால், மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேட்டர் 'ஓவர் வோல்டேஜ்' காட்டி ட்ரிப் ஆகிறது.

"லைன்ல வோல்டேஜ் கூட தம்பி, அதான்" என்றார் முதலாளி.

லைன்தான் காரணமென்றால் ஓடும்போதும் ட்ரிப் ஆக வேண்டுமே! 400 வோல்ட் லைனுக்கு இன்வேட்டரின் உள்ளே டிசி பக்கம் 565 வோல்ட் அளவில் நிற்கும். வேகத்தைக் குறைக்கும்போது வாளின் பெரிய சக்கரங்கள் மோட்டரை ஜெனரேட்டராக்கி அந்த டிசி வோல்டேஜை மேலே ஏற்றிவிடும். அந்த மிச்சத்தைச் சூடாக்கித் தீர்ப்பதுதான் பிரேக் ரெசிஸ்டரின் வேலை. முன்பு வந்த ஒருவர் நிறுத்தும் நேரத்தை 20 செக்கனிலிருந்து 90 ஆக்கியிருக்கிறார். ட்ரிப் நின்றது; வாள் நிற்கும்வரை பொடியன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளி பொறுக்காமல் பழையபடி குறைக்கச் சொல்ல, ட்ரிப்பும் கூடவே வந்துவிட்டது.

மெயினை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, டிசி இறங்கிவிட்டதை அளந்து பார்த்தேன். ரெசிஸ்டர் வயர் இரண்டையும் இன்வேட்டரில் கழற்றி மீற்றரை வைத்தால் ஒன்றும் காட்டவில்லை. ரெசிஸ்டர் போய்விட்டது, கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று விலையையும் சொன்னேன். முதலாளியின் முகம் சுருங்கியது.

ஓடர் கொடுக்க அளவு வேண்டுமே என்று ரெசிஸ்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே மரத்தூள். 75 ஓம், 780 வாட் என்றிருந்தது. சும்மா அதன் முனைகளிலேயே மீற்றரை வைத்தேன். சரியாக 75 ஓம்! இடையில் இருப்பது இரண்டு மீற்றர் நீள வயர் மட்டும். வயர் நுனிகளில் நசுக்கிப் பூட்டியிருந்த லக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒன்று கையோடு வந்தது. வயரின் தோலைச் சரியாக உரிக்காமல் அதன் மேலேயே நசுக்கியிருக்கிறார்கள். தொட்டுக்கொண்டிருந்த நாலைந்து இழையும் கருகிப்போயிருந்தன. வெளியே பார்த்தால் புது லக் மாதிரி.

"அப்ப புதுசு வேணாமா?"

"வேணாம் ஹாஜியார்" என்றேன், மீற்றரைப் பார்த்தபடியே.

இதற்கு எதிர்மாறான பிழையையும் அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கண்டிருக்கிறேன். இன்வேட்டரின் பிரேக் முனையில் கொடுக்க வேண்டிய ரெசிஸ்டர் வயரை டிசி மைனஸில் கொடுத்திருந்தார்கள். மெயின் போட்ட நேரமெல்லாம் ரெசிஸ்டர் கொதித்தது. இந்த 75 ஓம் ரெசிஸ்டரில் அப்படிக் கொடுத்தால் சூடு 4 கிலோவாட்டுக்கு மேல் போகும். சுற்றிலும் மரத்தூள் வேறு.

அந்த நினைப்பில்தான் ரெசிஸ்டருக்குள் இருந்த, சூடு மிஞ்சினால் திறந்துகொள்ளும் தேர்மல் சுவிட்சைத் தேடினேன். அதன் இரண்டு மெல்லிய வயரையும் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். லக் மாற்ற ஐந்து நிமிடம். அந்த வயர்களை, மெயினை வெட்டும் கொன்டாக்டரின் கொயில் வரை இழுத்து முடிக்க மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது.

"இது எதுக்கு தம்பி, இவ்வளவு நாளும் இல்லாமத்தானே ஓடிச்சு?"

தூரிகை ஒன்று கேட்டு வாங்கி, முதலில் தூளைத் தட்டினேன்.