செய்தி வாசிப்பவரும் பெண்தானே?

"டிவியில் செய்தி வாசிப்பவரும் பெண்தானே, மேடம்? அது மட்டும் மாமாவுக்கு எப்படிக் கேட்கிறது?"

என்னிடம் பதில் இருந்தது. முகம் நேராகத் தெரிகிறது, உச்சரிப்பு தெளிவு, ஒலியளவும் அவர் கையில். சொன்னேன். அந்த மருமகள் "சரி" என்றார். அந்தச் 'சரி' இன்னும் என்னை விடவில்லை.

அதற்குச் சற்று முன்புதான் ஆடியோகிராமை, அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் காட்டி, ஆண் குரலைவிடப் பெண் குரல் இவருக்குப் புரிவது கடினம் என்றிருந்தேன். காது மெஷின் பொருத்தும் நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். பெரியவர் உடனே, "பார்த்தாயா, மேடமே சொல்லிவிட்டார்" என்றார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவ்வளவு எளிதும் இல்லை. ஆண் குரலின் அடிப்படைச் சுருதி ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ், பெண்ணுக்கு 200 சொச்சம். அந்தப் பகுதியில் அவர் காது நன்றாகவே இருக்கிறது. 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வரைபடத்தில் கோடு சரிகிறது. 'ஸ' போன்ற ஒலிகளின் வலு அங்கேதான். பெண்கள் வாயில் அது இன்னும் மேலே போய்விடுகிறது. கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருகும், மெய்யொலி அந்த அளவுக்குப் பெருகாது. அதனால்தான் "கத்தாதீர்கள், நிதானமாகப் பேசுங்கள்" என்றேன். "நான்தான் மாற வேண்டுமா?" என்று மருமகள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மெஷினில் அந்த உயர் அதிர்வெண்களை ஏற்றித்தான் கொடுத்திருந்தேன். பாத்திரச் சத்தம் மண்டையைக் குடைகிறது என்று பெரியவர் சொன்னதும் குறைத்தேன். குறைக்காவிட்டால் மெஷின் மேசை டிராயருக்குள் போய்விடும், நிறையப் பார்த்தாயிற்று. ஆனால், குறைத்தது மருமகளின் குரலில் இருந்தும்தானே?

இன்னொன்று. மகன் கேட்பது "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்ற இரண்டு கேள்விகள். பாதி காதில் விழுந்தாலே போதும். மருமகள்தான் காஸ் வந்தது, யார் போன் செய்தார், ரேஷனில் என்ன சொன்னார்கள் என்று புதிதுபுதிதாகச் சொல்கிறவர். இதை ஆடியோகிராம் காட்டாது. அன்று இதை நான் ஏன் சொல்லவில்லை? குடும்ப விஷயம் என்று ஒதுங்கினேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடத்தைக் காட்டியபோதே அதில் நுழைந்துவிட்டேனே.

என் குரலும் பெண் குரல்தான். சத்தம் புகாத அறையில், எதிரே உட்கார்ந்து நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது.

அடுத்த முறை மகனோடு வந்தார். எல்லாம் நன்றாகக் கேட்கிறதாம், எதையும் மாற்ற வேண்டாமாம். மருமகளையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றேன். எதற்கு என்று மகன் கேட்டார்.